வலிக்கு அளவெடுத்த சட்டை

ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த மாஸ்டர், தன் மேலுக்கு ஒரு சட்டை போட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது.

தையல்கடைக்கு நேர் மேலே இருந்தது அந்த அறை. ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகுப் பலகையில் வலது கையை ஊன்றிக்கொண்டு, இடுப்புக்கு மேலே ஒரு நூல்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பார். இடது கை மட்டும் உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு, கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். அங்கே காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. அந்தக் காற்று கொஞ்சம் அசைந்தாலும் மனிதர் பல்லைக் கடிப்பார். ஜன்னல் திரையை முதல் மாதமே கழற்றியாகிவிட்டது. மின்விசிறி தூசி படிந்து சும்மா தொங்கியது.

வெளியே மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. கீழே மூன்று மெஷின் ஓடுகிற சத்தம் பலகைத் தரை வழியாக மேலே ஏறி வரும். நீளமாக ஓடி நின்றால் பக்கவாட்டுத் தையல். விட்டு விட்டு ஓடினால் காலர். கண்ணை மூடிக்கொண்டே இதையெல்லாம் சொல்லிவிடுவார். சத்தமே வராமல் கொஞ்ச நேரம் கழிந்தால், அங்கே அவர் மனைவி பட்டன் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அவள் வைத்த பட்டன், சட்டை கிழிந்தாலும் கழன்று விழாது. அதனால் தெருவில் எல்லாருக்கும் அவள் பட்டனம்மா.

இத்தனைக்கும் வந்தது என்னவோ ஒரு அரிப்புதான். அதை அரிப்பென்று நினைத்ததில்தான் கோளாறு.

பள்ளிச் சீருடைக்கென்று பச்சைத் துணி கட்டுக்கட்டாக வந்திறங்கிய வாரம் அது. கஞ்சி முறுக்கு மாறாத புதுத்துணியைத் தூக்கிப் புழங்கினால் இரண்டு நாளைக்கு உடம்பு அரிக்கும். தையல்காரர்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. துணியை ஒருமுறை அலசிவிட்டு, உடம்பில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்வார்கள், அவ்வளவுதான். மாஸ்டர் கட்டைத் தூக்குவது இடது விலாவில் அணைத்து. அரிப்பு வந்ததும் இடது விலாவில். கணக்கு அச்சாகப் பொருந்தியது. முதலில் சுருக்சுருக்கென்று குத்தியது, பிறகு சிவந்தது, பிறகு வரிசையாகக் கொப்புளம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் துணியையே திட்டினார். 'சாயம் சரியில்ல' என்றார். துணி வியாபாரிக்குப் போன் போட்டு, என்ன கண்றாவியை அனுப்பியிருக்கிறாய் என்று கிழித்தார். பட்டனம்மாவும் அவர் பங்குக்கு மேலே ஒரு பங்கு சேர்த்துக் கட்டு முழுவதையும் மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டாள். துணி வெளுத்ததுதான் மிச்சம்.

பத்தாம் நாள் டாக்டரம்மா பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது அக்கி, மாஸ்டர். சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?"

"போட்டிருக்குங்க. ஏழு வயசுல."

"அந்தக் கிருமி அப்பவே போயிடல. நரம்புக்குள்ள படுத்துத் தூங்கிட்டிருந்திருக்கு. வயசாகி உடம்பு அசந்த நேரம் பாத்து, அந்த நரம்பு வழியாவே வெளிய வந்திருக்கு. அதான் ஒரு பக்கமா, பெல்ட்டு கட்டின மாதிரி." கொஞ்சம் நிறுத்தினார். "கொப்புளம் வந்த மூணு நாளுக்குள்ள வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மருந்து அப்பத்தான் நல்லாக் கேக்கும்."

"துணின்னு நெனச்சிட்டோங்க" என்றாள் பட்டனம்மா. வேறு யார் நினைத்திருப்பார்கள்? கொத்தனாராக இருந்தால் பூச்சிக்கடி என்று நினைத்து ஓடி வந்திருப்பார். துணியில் பிறந்து துணியில் வளர்ந்தவர்களுக்குத் துணியைத் தவிர வேறு எதிரி தெரியவில்லை.

கொப்புளங்கள் ஒரு மாதத்தில் காய்ந்து உதிர்ந்தன. வலி உதிரவில்லை. சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி ஒரு எரிச்சல், நடுவில் திடீரென்று ஒரு வெட்டு. ஓங்கி அடித்தால் வலிப்பது உலக வழக்கம். அவருக்கோ, லேசாக உரசினால்தான் உயிர் போனது. மல்மல் துணி பட்டால் முள் வேலியில் உரசின கதி. துணியோடே ஐம்பத்தெட்டு வயதுவரை வாழ்ந்துவிட்டு இப்போது துணியைக் கண்டு பயப்படுகிறோமே என்று நினைத்தபோது, மாஸ்டருக்கு அழுகைகூட வந்தது. அழுதால் விலா குலுங்கும். அதனால் அதையும் அடக்கிக்கொண்டார்.

மாத்திரை கொடுத்தார்கள். அது வலியைக் கொல்லவில்லை, பக்கத்து அறைக்கு அனுப்பி வைத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வலி நடமாடுகிற சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் மாஸ்டர் மிதந்துகொண்டிருப்பார். மத்தியானங்களில் ஒரே கனவு. வெட்டுமேசை ஒரு தெரு அளவுக்கு நீண்டு கிடக்கும். அதன் மேல் அவர் வெறுங்காலோடு நடப்பார். எதிரே ஆளில்லாத சட்டைகள் வரும், ஒவ்வொன்றும் நின்று, "மாஸ்டர், என் அளவு ஞாபகம் இருக்கா?" என்று கேட்கும். மார்பு நாற்பது, தோள் பதினெட்டு என்று அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் தலையில்லாத கழுத்தை ஆட்டிவிட்டு மழைக்குள் போய்விடும். கடைசியாக ஒரு சட்டை வரும். அது ஒன்றும் கேட்காது. அதற்கு இடது பக்கத்தில் துணியே இருக்காது. விழித்துப் பார்த்தால் மெஷின் சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றாகக் கலந்து, எது எதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கிடப்பார். அந்தக் கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் ஐந்தாம் மாதம் ஒருநாள், வெறும் உடம்போடு கீழே இறங்கி, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்தார். பன்னிரண்டு சட்டை வெட்டினார். கை என்னவோ பழக்கத்தில் ஓடியது. மறுநாள் தைக்க எடுத்தபோதுதான் தெரிந்தது, பன்னிரண்டுக்கும் முன்பக்கம் இரண்டும் இடது. வலது முன்பக்கம் ஒன்றுகூட இல்லை.

"மாமா, இதைப் போடணும்னா ரெண்டு பேரா ஒட்டிக்கிட்டுத்தான் போடணும்" என்று சிரித்தான் பட்டனம்மாவின் தம்பி. கடையில் இஸ்திரி மேசை அவன் பொறுப்பு. அவனுக்கு எதிலும் ஒரு நக்கல் உண்டு. அன்றைக்கு மாஸ்டர் சிரிக்கவில்லை. மாத்திரைதான் கையைக் கெடுத்தது என்று முடிவு கட்டினார். கத்திரியா, விலாவா என்று வந்தால் கத்திரிதான். யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். பட்டனம்மா தினம் காலையில் ஒரு மாத்திரை தண்ணீரோடு கொடுப்பாள், வாயில் போடுகிற மாதிரி காட்டி உள்ளங்கையில் ஒதுக்கி, ஜன்னலோரம் இருந்த பட்டன் டப்பாவில் போட்டுவிடுவார்.

இரண்டாம் நாளே பக்கத்து அறைக் கதவு உடைந்தது. ஒன்பது நாள் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பட்டனம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரை கேட்கவில்லையோ, வேறு ஏதும் பெரிய வியாதியோ என்று அவளும் சாப்பாட்டைக் குறைத்தாள். பத்தாம் நாள் கீழே வெள்ளைப் பட்டன் தீர்ந்துபோக, மேலே வந்து அந்த டப்பாவை எடுத்துப் போனாள். ஒரு பட்டனைச் சட்டையில் வைத்து ஊசியால் துளையைத் தேடினாள். துளை அகப்படவில்லை. கண்தான் மங்கிவிட்டதோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மேலே ஏறி வந்தவள் சத்தம் போடவில்லை. அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பட்டனிலிருந்து பொறுக்கி வரிசையாக வைத்தாள்.

"ஒன்பது" என்றாள்.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"எதுக்குங்க?"

"கை நிதானம் தப்புது. வெட்டுறவனுக்குக் கைதான் மூலதனம்."

"நான் உங்களுக்குப் பெரிய வியாதி வந்துடுச்சுன்னு நெனச்சு ஒன்பது நாளா செத்துப் பொழச்சேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா விடமாட்டே."

"விடத்தான் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, இருவருக்கும் கேட்கிற மாதிரி நடுவில் வைத்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் திட்டினார். "இந்த மாத்திரையத் திடுதிப்புனு நிறுத்தக் கூடாது மாஸ்டர், உடம்புக்கு ஆகாது. அசதியா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. அளவக் கொறச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம், படுக்கப் போறப்ப மட்டும் போட்டுப் பாக்கலாம். மேல ஒட்டுற மரத்துப்போற பட்டை ஒண்ணு எழுதித் தரேன். புண் ஆறின தோல்லதான் ஒட்டணும். தேவையான அளவுக்கு வெட்டிக்கலாம்."

"வெட்டுறதுக்கு இங்க ஆள் இருக்கு" என்றாள் பட்டனம்மா.

"இது போகுமா டாக்டரம்மா?" என்று கேட்டார் மாஸ்டர். ஐந்து மாதமாகக் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி.

"நெறைய பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். எப்பன்னு நாள் குறிச்சு சொல்ல முடியாது. அதுவரைக்கும் அதோட வாழப் பழகணும், சட்டையும் போட்டுப் பழகணும். இப்படியே உக்காந்திருந்தா நரம்பு இன்னும் செல்லம் கொஞ்சும்." பிறகு குரலை மாற்றிக் கேட்டார்: "பட்டனம்மா, உங்களுக்கு எத்தன வயசு?"

"அம்பத்திநாலு."

"அம்மை போட்டிருக்கா?"

"எனக்கும் என் தம்பிக்கும் ஒண்ணாத்தான் போட்டுது."

"அப்ப உங்களுக்குள்ளயும் தூங்குது. இது வராம இருக்க ஊசி இருக்கு, ரெண்டு தவணை. நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன், ஆனா நல்லாத் தடுக்கும். வந்து போட்டுக்கோங்க."

போனை வைத்தாள். மாஸ்டர் மனைவியின் இடது விலாவைப் பார்த்தார். அங்கே நீலப்பூப் போட்ட சட்டைத்துணி, மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அதற்குள்ளேயும் அது படுத்துத் தூங்குகிறது. தனக்கு வந்தது வந்ததுதான், ஆனால் இவளுக்கு வரக் கூடாது. அந்த நேரத்தில் அவருக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

"நாளைக்கே போய்ப் போட்டுக்கோ."

"எனக்கு ஊசின்னா பயம்."

"நாளெல்லாம் ஊசி பிடிக்கிறவ பேசுற பேச்சா இது?"

"அது நான் குத்துற ஊசி. என்னைக் குத்துற ஊசி வேற."

"விளையாடாத. எனக்கு வந்ததைப் பாத்துமா?"

பட்டனம்மா ஒன்பது மாத்திரையையும் பொறுக்கி ஒரு தாளில் மடித்தாள். "நீங்க கூட வந்தா போட்டுக்கிறேன். வரலேன்னா இல்ல."

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. வரமாட்டார் என்று தெரிந்தே கேட்கிறாள். மூன்று தெரு தாண்டி நடக்க வேண்டும், சட்டை போட்டுக்கொண்டு. அன்றும் மறுநாளும் இதே வாக்குவாதம். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இஸ்திரிக்காரத் தம்பி பஞ்சாயத்துக்கு வந்தான். "மாமா, சட்டை இல்லாமலே போங்க. குடை பிடிச்சுக்கலாம்."

"தையல்கடைக்காரன் சட்டையில்லாம தெருவுல போனா, கடைக்கு வேற விளம்பரமே வேணாம், மாப்ள."

"அப்போ லூஸா ஒண்ணு தைச்சுப் போடுங்க. கூடாரம் மாதிரி."

"அதான் ஏற்கெனவே நாலு தைச்சாச்சே" என்றாள் பட்டனம்மா. ஆமாம், அவள் ஒன்றுக்கொன்று பெரிதாக நான்கு தைத்திருந்தாள். மார்பு நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு, ஐம்பது, ஐம்பத்துநான்கு. எதையும் அவரால் இரண்டு நிமிடம் தாங்க முடியவில்லை. வலிக்கிற இடத்துக்குத் தாராளமாக இடம் விட வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் கற்ற பாடம்.

மாஸ்டர் எழுந்து படியிறங்கினார். வெட்டுமேசையில் பாதி விரித்த துணி கிடந்தது, நான்கு மூலைக்கும் இரும்புக் குண்டு வைத்து. ஜன்னலிலிருந்து ஈரக்காற்று வந்தபோது, குண்டு வைத்த இடம் அசையவில்லை. மேசைக்கு வெளியே தொங்கிய முனை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. மாஸ்டர் நின்று அதையே பார்த்தார். கனவில் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். முப்பத்தைந்து வருடமாக இதைத் தினம் பார்க்கிறவர்தான்.

"லூஸா இருக்கிற துணிதான் நடக்கும்போது உரசும்" என்றார். "ஒட்டிக்கிடக்கிற துணி எங்கயும் போகாது, கெடந்த எடத்துல கெடக்கும். நமக்கு வேண்டியது சும்மா கெடக்கிற துணி."

"ஒட்டினாப்ல போட்டா செத்துப்போவீங்க."

"லூஸா போட்டு அஞ்சு மாசமா செத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? டேப்ப எடு."

அவர் அளவை அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. தன் அளவு தனக்குத் தெரியும் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டவர் அவர். இப்போது உடம்பு பாதியாகிவிட்டது, அவருக்கே தெரியவில்லை. மேலே அறையில், ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, அவள் வலது பக்கத்தை அளந்தாள். இடது பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"நீ தொட வேணாம்" என்றார். "பழுப்புத் தாளை விரி. நான் காட்டுறேன், நீ தாள்ல கோடு போடு."

அவர் விரலைத் தோலில் படாமல் ஓட்டிக் காட்ட, அவள் தாளில் சாக்குக்கட்டியால் வரைந்தாள்.

"இங்க தொடங்குதா?"

"இன்னும் ரெண்டு விரல் மேல. அங்கிருந்து கீழ எறங்கி, முதுகுப் பக்கம் போ. போ. இன்னும் போ."

"தழும்பு இங்கயே முடிஞ்சு போச்சே?"

"தழும்புதான் முடியுது."

கோடு தண்டுவடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பட்டனம்மா சாக்குக்கட்டியோடு தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு பெருசா?"

"நீ கேக்கவே இல்லையே."

"கேட்டாகூட வலிக்குமோன்னு நெனச்சேன்" என்றாள். அவள் மூக்கு சிவந்துவிட்டது. அவர் வலது கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். அந்தப் பக்கத்தில்தான் அவருக்குக் கை மிச்சமிருந்தது.

கோட்டு, சூட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வழுவழுப்பான லைனிங் துணியை எடுத்தார்கள். இடது பக்கம் முன்னும் பின்னும் ஒரே துண்டு, நடுவில் தையலே கிடையாது. தையல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கம். இடது பக்கம் தோலோடு தோலாக ஒட்டும், வலது பக்கம் ஆள் ஒருவர் கூடவே குடியிருக்கலாம். வெட்டியது மாஸ்டர், அளவு குறைத்த மாத்திரைக்குப் பிறகு கை சொன்ன பேச்சு கேட்டது. ஆனாலும் வெட்டும் முன் மூன்று தரம் "இது இடதுதானே?" என்று கேட்டுக்கொண்டார். தைத்தது பட்டனம்மா. தம்பி இஸ்திரி போட்டு, தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "மாமா, ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் மாமனார்" என்றான். இந்தத் தடவை மாஸ்டர் சிரித்துவிட்டார். விலா அதிர்ந்தது. பரவாயில்லை என்று இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

காலையில் பட்டையை வெட்டி ஒட்டி, அதன் மேல் சட்டையைப் போட்டார்கள். போடுகிற ஒரு நிமிடம் கண்ணில் பூச்சி பறந்தது. பிறகு துணி அடங்கியது. வலி இருந்தது, ஆனால் அதன் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

மழை விட்டுத் தெரு மினுங்கியது. மாஸ்டர் மெதுவாக, தேங்கிய தண்ணீரில் தெரிந்த வானத்தை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார். எதிரே வந்த சட்டைகள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. மார்பு நாற்பது, தோள் பதினெட்டு. அவற்றுக்குள் முகமும் இருந்தது, நின்று நலம் விசாரித்தன. இது கனவில்லை என்று நிச்சயம் செய்துகொள்ள அவர் இரண்டு தரம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டடி தள்ளி வந்துகொண்டிருந்தாள். ஐந்து மாதமாக வீட்டில் எல்லாரும் அவரிடமிருந்து இரண்டடி தள்ளித்தான் நடக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறைக்குள் போகும்வரை பட்டனம்மா தைரியமாகத்தான் இருந்தாள். நர்சம்மா முக்காலியில் உட்கார வைத்து, இடது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டாள். ஊசி மூடியைக் கழற்றியதும் பட்டனம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. மாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னை வெளியே இழுக்கப் போட்ட தந்திரம் என்றல்லவா நினைத்திருந்தார். இவளுக்கு நிஜமாகவே பயம். பயந்துகொண்டேதான் கூட வந்திருக்கிறாள்.

சட்டென்று அவள் வலது பக்கம் போய் ஒட்டி நின்றார். அப்படி நின்றால் தன் இடது விலா அவள் பக்கம் வரும் என்பது தோன்றவே இல்லை.

"ஒண்ணுமில்ல. சுவத்தப் பாரு" என்றார்.

ஊசி இறங்கியது. பட்டனம்மா கண்ணை இறுக மூடி, வலது கையால் கிடைத்ததை எட்டிப் பிடித்தாள். கிடைத்தது அவர் விலா. சட்டையோடு, பட்டையோடு, தாளில் கோடு போட்ட அந்த இடத்தின் நட்டநடுவில், ஐந்து விரலும் பதிய, பட்டன் இழுத்துக் கட்டுகிற பிடி.

மாஸ்டர் மூச்சை நிறுத்திக்கொண்டு நெருப்புக்குக் காத்திருந்தார். சுருக்கென்று ஒன்று கிளம்பி, அந்தக் கைக்கு அடியில் வந்து நின்றுவிட்டது. இரும்புக் குண்டு வைத்த மாதிரி எல்லாம் அசையாமல் கிடந்தது. வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் உள்ளங்கையின் சூடு, எரிச்சலைத் தாண்டி, துணி வழியாக உள்ளே வந்தது. இந்தச் சூடு எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்திருந்தார்.

பட்டனம்மா கண்ணைத் திறந்தாள். தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்ததும் பதறிப்போய், "ஐயோ, என்னங்க" என்று விரலை மெல்ல, மெல்லத் தளர்த்தினாள்.

"மெல்ல எடுக்காத. அழுத்தியே பிடி" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழுத்திப் பிடித்தாள்.

நர்சம்மா பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "ஊசி போட்டாச்சும்மா. கைய எடுத்துக்கலாம்."

"இருக்கட்டும்" என்றார் மாஸ்டர். "அவசரம் ஒண்ணும் இல்லையே."